ஞாயிறு சர்ச், திங்கள் பன்றி: யூட் வண்டியின் கதை

போன மாசம் ஒரு ராத்திரி மெல்போர்னிலிருந்து நண்பன் கூப்பிட்டான். என்னோடு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தவன். நான் பாதியில் வரலாறு பக்கம் ஓடிவந்துவிட்டேன், அவன் ஒயரைப் பிடித்தபடியே ஆஸ்திரேலியா வரை போய்விட்டான். இப்போது அங்கே சொந்தமாக எலெக்ட்ரீஷியன் வேலை. வீட்டில் ரெண்டு வண்டி இருக்கிறது. அவனுடைய பழைய வேன், மனைவியின் சின்ன கார். ரெண்டையும் விற்றுவிட்டு ஒரே வண்டியாக வாங்கப்போகிறான், இனி ரெண்டு இன்ஷூரன்ஸ் கட்ட முடியாதாம்.

"டேய், நீதான் கண்டதையும் படிக்கிறவனாச்சே. டீசல் யூட் வாங்கவா, இல்ல இந்த ப்ளக்-இன் ஹைப்ரிட் ஃபோர் வீல் டிரைவ் வாங்கவா?"

எனக்கு ரிவர்ஸ் எடுக்கவே ஒழுங்காக வராது. ஆனால் கேட்டுவிட்டானே என்று படிக்க ஆரம்பித்தால், வேறு எங்கெங்கோ போய்விட்டது. அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் பெயர். யூட் என்பது 'யூட்டிலிட்டி'யின் சுருக்கம். நம்ம ஊரில் பிக்கப், இலங்கையில் கேப் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும். முன்னால் கார் மாதிரி கேபின், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. முன்னால் ரெண்டு வரிசை சீட் இருந்தால் டபுள் கேப். ப்ளக்-இன் ஹைப்ரிட் என்றால் வீட்டு பிளக் பாயின்ட்டில் சொருகி சார்ஜ் ஏற்றலாம். அந்த சார்ஜில் கொஞ்ச தூரம் மின்சாரத்திலேயே ஓடும், தீர்ந்தால் பெட்ரோல் என்ஜின் இருக்கிறது.

யூட் பிறந்த கதையை ஆஸ்திரேலியர்கள் சலிக்காமல் சொல்வார்கள். 1932, உலகப் பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த காலம். விக்டோரியா மாநிலத்தில் கிப்ஸ்லாந்து என்ற விவசாயப் பகுதியிலிருந்து ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மழையில் நனையாமல் சர்ச்சுக்குப் போகவேண்டும், திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவேண்டும், அப்படி ஒரு வண்டி செய்து கொடுக்கக் கூடாதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கதையில் பன்றியைத்தான் எல்லாரும் ரசிக்கிறார்கள். எனக்கு அதன் பின்னால் இருந்த பேங்க் விஷயம்தான் சுவாரஸ்யமாக இருந்தது. அந்த நாளில் பேங்குகள் விவசாயிக்கு லாரி வாங்கக் கடன் கொடுக்கும், கார் வாங்கக் கொடுக்காது என்பார்கள். லாரி உழைக்கிற சாமான், கார் ஆடம்பரம். அந்தம்மாவுக்குத் தேவைப்பட்டது பேங்க் மேனேஜர் கண்ணுக்கு லாரியாகவும் ஊர்க்காரர்கள் கண்ணுக்குக் காராகவும் தெரிகிற ஒன்று! யூட் அதன் பிறவியிலேயே கணக்குப் புத்தகத்தின் ரெண்டு பத்திகளுக்கு நடுவில் நுழைந்த வண்டி. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

கடிதம் ஜீலாங் நகரத்தில் இருந்த ஃபோர்டு ஆலையில் லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளரிடம் போனது. வயது இருபத்திச் சொச்சம்தான். அதற்கு முன்பே பின்னால் பெட்டி வைத்த கார்கள் இருந்தன, ஆனால் தலைக்கு மேலே கேன்வாஸ் துணிதான், மழை வந்தால் அவ்வளவுதான். பேண்ட் செய்தது என்னவென்றால், மூடிய கூப்பே காரின் கேபினையும் பின்தொட்டியையும் ஒரே பக்கத் தகடாக இணைத்தார். அரை டன்னுக்குச் சற்று மேலே பாரம் ஏற்றலாம். 1934-ல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் ஃபோர்டுக்கே இதுபோல ஒன்றைச் செய்ய 1957 வரை ஆனது, ரான்சேரோ என்று பெயர். பேண்ட் 1987-ல், தானே புதுப்பித்து வைத்திருந்த 1934 மாடல் யூட்டை ஓட்டிப்போகும்போது விபத்தில் இறந்துபோனார்.

இங்கே ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 'டீசல் யூட்' என்றால் ஏதோ பரம்பரை பரம்பரையாக வந்த சமாச்சாரம் மாதிரி அங்கே பேசுகிறார்கள். ஆனால் அந்த முதல் யூட் பெட்ரோல். ஆஸ்திரேலியாவிலேயே வடிவமைத்துச் செய்த ஃபோர்டு ஃபால்கன் யூட், ஹோல்டன் யூட் இரண்டும் கடைசி வரை பெட்ரோலில் அல்லது எல்பிஜி காஸில்தான் ஓடின. டீசல் வந்தது வேறு வாசல் வழியாக. ஜப்பான் கம்பெனிகளின் லேடர் சட்டத்து வண்டிகள், அதாவது லாரி மாதிரி கீழே தனி இரும்புச் சட்டம் வைத்து மேலே உடலைப் பொருத்தும் டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை, மெல்ல மெல்ல இடம் பிடித்தன. காமன் ரெயில் என்கிற உயர் அழுத்த எரிபொருள் முறை வந்தபிறகு டீசலின் பழைய மந்தமும் புகையும் குறைந்தன. 2005 ஜனவரியில் தாய்லாந்து–ஆஸ்திரேலியா தடையற்ற வணிக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. தாய்லாந்து ஆலைகளில் செய்த டபுள் கேப்புகள் கப்பல் கப்பலாக இறங்கின. 2016-ல் ஃபால்கன் யூட் நின்றது. 2017 அக்டோபரில் ஹோல்டன் ஆலையும் மூடியது. அதே 2016-லிருந்து 2022 வரை ஒவ்வொரு வருஷமும் நாட்டிலேயே அதிகம் விற்ற வண்டி ஹைலக்ஸ், 2023-லும் 2024-லும் ஃபோர்டு ரேஞ்சர். இரண்டும் தாய்லாந்தில் செய்தவை.

ஆக, ஆஸ்திரேலிய மண்ணின் அடையாளம் என்று கொண்டாடப்படும் டீசல் யூட், இன்றைய உருவத்தில், சுமார் இருபது வருஷத்துப் பழக்கம்.

அப்போ ஹைப்ரிட்? அதுதான் புதுசு என்று நினைத்திருந்தேன். அங்கேயும் தப்பு. ருடால்ஃப் டீசல் தன் என்ஜினை ஆக்ஸ்பர்க் ஆலையில் ஒழுங்காக ஓட்டிக் காட்டியது 1897-ல். எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது, அந்தக் காலத்து நீராவி என்ஜின்கள் பக்கத்தில்கூட வரமுடியாது. அதற்கு மூன்றே வருஷம் கழித்து, 1900-ல், வியன்னாவில் லோனர் கம்பெனியில் வேலை பார்த்த ஃபெர்டினாண்ட் போர்ஷே 'செம்பர் விவுஸ்' என்ற வண்டியைச் செய்தார். பெட்ரோல் என்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும், மின்சாரம் சக்கரத்துக்குள்ளேயே இருந்த மோட்டாருக்குப் போகும், நடுவில் பேட்டரி. லத்தீனில் 'எப்போதும் உயிரோடு' என்று பெயர். ஆனால் ஈய பேட்டரியின் எடையில் அந்த உயிர் ரொம்ப நாள் நிற்கவில்லை. நண்பன் முன்னால் நிற்கிற இரண்டு தொழில்நுட்பங்களும் கிட்டத்தட்ட ஒரே வயசுக்காரர்கள். ஒன்று நேராக வளர்ந்தது. இன்னொன்று தாங்கும் பேட்டரிக்காக நூறு வருஷம் காத்திருந்தது.

1997-ல் டொயோட்டா பிரியஸ் வந்தது, ஆனால் அதைச் சுவரில் சொருக முடியாது. பெருமளவில் தயாரித்து விற்ற முதல் ப்ளக்-இன் ஹைப்ரிட் 2008 டிசம்பரில் சீனாவின் பிஒய்டி விட்ட எஃப்3டிஎம். அந்தக் கம்பெனி 1995-ல் பேட்டரி செய்யத்தான் ஆரம்பித்தது, கார் பிறகு. நண்பன் கண் வைத்திருக்கிற ஷார்க் 6 அவர்களுடையது. 2024 அக்டோபர் கடைசியில் 57,900 டாலர் என்று அறிவித்தார்கள். பேட்டரி 29.58 கிலோவாட் மணி, என்ஜின் 1.5 லிட்டர் பெட்ரோல் டர்போ. நாலு சக்கரமும் இழுக்கும், பின்னால் யூட் தொட்டியும் இருக்கிறது.

இனி மறுபடியும் கணக்குப் புத்தகம். 1986-ல் ஆஸ்திரேலியாவில் சலுகை வரி ஒன்று வந்தது. கம்பெனி தன் ஊழியருக்குக் கார் மாதிரி வசதிகளைக் கொடுத்தால் அதற்கு வரி. ஆனால் வேலை வண்டியை வீட்டுக்கும் வேலைக்கும் மட்டும் ஓட்டி, சொந்த உபயோகம் அபூர்வமாக இருந்தால் விலக்கு. 2000-ல் ஆடம்பரக் கார் வரி வந்தது, சாமான் ஏற்றவே வடிவமைத்த வண்டிகளுக்கு அதிலும் விலக்கு. இப்போ டபுள் கேப் சாமான் வண்டியா, ஆள் வண்டியா? இதைத் தீர்க்க வரித்துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு சீட்டுக்கு 68 கிலோ, டிரைவரையும் சேர்த்து. மொத்த ஆள் எடை, மீதமிருக்கும் பாரத் திறனைவிட அதிகமானால் அது ஆள் வண்டி. கம்பெனி சொல்லும் பாரத் திறனை வைத்து ஷார்க்குக்கு நான் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 790 கிலோ. அஞ்சு பேர் 340, மீதி 450. சாமான் வண்டிதான். பேங்க் மேனேஜர் தலையாட்டிவிட்டார்.

சிரிப்பாக இருந்தாலும் விளைவு பெரிசு. இந்த விலக்குகளும், சிறுதொழில்காரர்கள் வாங்கும் சாமானின் முழு விலையையும் அதே வருஷம் செலவில் எழுதிக்கொள்ளலாம் என்ற சலுகையும் (2015-ல் 20,000 டாலர் வரை, 2020-ல் 1,50,000 வரை ஏற்றினார்கள்) சேர்ந்து, குடும்பக் கார் வாங்கவேண்டியவர்களையும் டபுள் கேப் பக்கம் தள்ளின. ப்ளக்-இன் ஹைப்ரிட்டுக்கும் 2022 ஜூலையிலிருந்து சலுகை வரி விலக்கு கொடுத்தார்கள், 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி எடுத்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் புகை அளவுச் சட்டம் வந்தது. கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு அந்த வருஷத்துக்குக் கிலோமீட்டருக்கு 141 கிராம், சரக்கு வண்டிகளுக்கு 210 என்று வைத்தார்கள். சட்டம் பேச்சுவார்த்தையில் இருந்தபோதே ஒரு மாற்றம் செய்தார்கள்: லேடர் சட்டம் வைத்து மூன்று டன் இழுக்கக்கூடிய பெரிய ஃபோர் வீல் டிரைவ் கார்களை 'சரக்கு' பத்தியில் நகர்த்தினார்கள். ஏழு சீட்டுக் குடும்ப வண்டி ஒரே கையெழுத்தில் லாரிக்குத் தம்பியானது. கிப்ஸ்லாந்து அம்மா உயிரோடிருந்தால் கைதட்டியிருப்பார்.

டீசலுக்கும் இந்த விளையாட்டு உண்டு. விவசாயி தன் நிலத்துக்குள் ஓட்டும் டீசலுக்குக் கட்டிய எரிபொருள் வரியைத் திரும்ப வாங்கலாம். அதே யூட் பொதுச் சாலையில் ஏறினால், மொத்த எடை 4.5 டன்னுக்கு மேல் இல்லாத வண்டி என்பதால், திரும்பக் கிடைக்காது. நண்பன் ஓட்டுவது முழுக்கச் சாலைதான். 'டீசல் தொழில்காரனுக்கு லாபம்' என்று அவனிடம் யாரோ சொன்னது விவசாயிக்குப் பொருந்துகிற வாக்கியம், எலெக்ட்ரீஷியனுக்கு இல்லை.

வேலை என்று வரும்போது டீசலுக்கு இருக்கும் பலத்தை மறைக்கக்கூடாது. ஒரு லிட்டர் டீசலில் கிட்டத்தட்ட 10.7 கிலோவாட் மணி சக்தி. ஷார்க்கின் முழு பேட்டரியும் மூன்று லிட்டர் டீசலுக்குக்கூட வராது! என்ஜின் அதில் மூன்றில் இரண்டு பங்கை சூடாக வீணாக்குகிறது, மோட்டார் அப்படி வீணாக்காது, அதனால் நடைமுறையில் ஏழெட்டு லிட்டருக்குச் சமம் என்று வைக்கலாம். டீசல் ரேஞ்சரின் டேங்க் 80 லிட்டர். மூன்றரை டன் டிரெய்லரை மாட்டிக்கொண்டு முன்னூறு கிலோமீட்டர் போகிறவனுக்கு இதற்கு மேல் பேச்சே வேண்டாம். ஷார்க்கின் இழுவை வரம்பு 2,500 கிலோ. வந்தபோது அதில் லோ ரேஞ்ச் கியரும் இல்லை. ரேஞ்சரிலேயே ப்ளக்-இன் வந்திருக்கிறது, அது 3,500 கிலோ இழுக்கும், ஆனால் பேட்டரி 11.8 கிலோவாட் மணிதான்.

ஆனால் நண்பனுடைய வேலை அது இல்லை. ரெண்டு வாரம் நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். பத்து வேலை நாளில் எட்டு நாள் எண்பது கிலோமீட்டருக்குள். ஒரு நாள் இருநூத்திப் பத்து. ஒரு நாள் மட்டும் டிரெய்லர், கேபிள் டிரம்மோடு ஒண்ணேகால் டன். மற்றபடி அஞ்சு கிலோமீட்டர் போய் நிறுத்து, இன்னொரு வீடு, மறுபடி நாலு கிலோமீட்டர்.

இந்த ஓட்டம் நவீன டீசலுக்குப் பிடிக்காத ஓட்டம். ஆஸ்திரேலியாவில் 2016 நவம்பரில் இலகு வண்டிகளுக்கெல்லாம் யூரோ 5 விதி வந்தது. அதனால் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கும். பிடித்த கரியை அது 600 டிகிரி பக்கம் சூடேறி எரித்துத் தள்ளவேண்டும். நெடுஞ்சாலையில் அரைமணி ஓடினால் தானாக நடக்கும். தெரு மாற்றித் தெரு நின்று நின்று ஓடினால் கரி அடைத்துக்கொண்டே போகும். அந்த ஃபில்டரை வைக்காமல் விட முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. மூடின கராஜில் காலையில் ஸ்டார்ட் பண்ணிவிட்டு டூல் பாக்ஸ் ஏற்றுகிற ஆளுக்கு இது வெறும் செய்தி இல்லை.

இன்னொரு விஷயம். ப்ளக்-இன் யூட்டின் தொட்டியில் சாதாரண பிளக் பாயின்ட்கள் இருக்கின்றன, ஷார்க்கில் 6.6 கிலோவாட் வரை எடுக்கலாம். கரண்ட் இல்லாத கட்டுமான இடத்தில் டிரில், கட்டிங் மெஷின் எல்லாம் வண்டியிலேயே ஓடும். விளம்பரத்தில் புதுமை என்கிறார்கள். 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வந்த முதல் லேண்ட் ரோவரிலேயே என்ஜின் சக்தியை வெளியே எடுக்கும் சுழல்தண்டு வசதி உண்டு. பெல்ட் மாட்டி ரம்பத்தையும் கதிரடிக்கும் இயந்திரத்தையும் ஓட்டினார்கள். வண்டி என்பது நடமாடும் சக்தி நிலையமும்தான் என்ற பழைய எண்ணம் நடுவில் தொலைந்துபோய் இப்போது பிளக் பாயின்ட்டாகத் திரும்பியிருக்கிறது. ஜெனரேட்டரைத் தூக்கி வைத்து முதுகு போன நண்பன் இதைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1940-ல் ஆஸ்திரேலியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, மரக்கரியை எரித்து காஸ் செய்யும் உலையை வண்டியில் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். கரி தீர்ந்தால் கொஞ்சம் பெட்ரோல். அதுவும் ஒருவகை இரட்டை வண்டிதான். 2021-ல் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள் மூடியபிறகு மிஞ்சியது இரண்டே. ஒன்று பிரிஸ்பேனில், இன்னொன்று யூட் பிறந்த அதே ஜீலாங்கில். எரிபொருளில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. வீட்டுக் கூரையில் சோலார் வைத்திருக்கிறவனுக்கு அந்தக் கப்பல் கவலை கொஞ்சம் குறையும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் பயந்த ஒரே விஷயத்தையும் அவனிடம் சொன்னேன். ப்ளக்-இன் வாங்குகிறவர்கள் சொருகுவதில்லை. ஐரோப்பாவில் 2021-ல் பதிவான வண்டிகளுக்குள்ளேயே இருக்கும் எரிபொருள் மீட்டரின் தகவலைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024-ல் அறிக்கை கொடுத்தது. ப்ளக்-இன் ஹைப்ரிட்டுகளின் உண்மையான புகை, கம்பெனிகள் காட்டிய சோதனை அளவைப்போல மூன்றரை மடங்கு. சும்மா கிடக்கிற பேட்டரியையும் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும் கனத்த வண்டி, டீசலைவிட மோசமான பேரம்.

"உன் கராஜ்ல பிளக் பாயின்ட் இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஊர் முழுக்க பாயின்ட் போடுகிறவன் வீட்டு கராஜில் பாயின்ட் இல்லை! போட அரை நாள் போதும் என்றான். சாதாரண 10 ஆம்பியர் பாயின்ட்டில் மணிக்கு 2.3 கிலோவாட் மணிதான் ஏறும், காலி பேட்டரி நிரம்பப் பதினாலு மணி நேரம் ஆகிவிடும். ஆனால் எழுபது கிலோமீட்டர் ஓடிய நாளில் இருபது கிலோவாட் மணியை ஒட்டித்தான் செலவாகும், ராத்திரி எட்டு மணிக்குச் சொருகினால் காலை ஆறு மணிக்குள் ஏறிவிடும். யூனிட் முப்பது சென்ட் என்று வைத்தால் ஆறு டாலர். அதே தூரத்துக்கு டீசல் ஆறு லிட்டர், லிட்டர் 1.85 டாலர் என்றால் பதினொன்று. தினம் அஞ்சு டாலர் மிச்சம். விலை வித்தியாசத்தையும், விற்கும்போது புதுக் கம்பெனி வண்டிக்கு என்ன கிடைக்கும் என்ற சந்தேகத்தையும் அந்த அஞ்சு டாலர்தான் சுமக்கவேண்டும். கம்பெனி சொல்லும் நூறு கிலோமீட்டரை நம்பாதே, எண்பது என்று வைத்துக் கணக்குப் போடு என்றும் சொன்னேன். அவன் ஓட்டத்துக்கு நான் ப்ளக்-இன் பக்கம். கிப்ஸ்லாந்தில் மாடு வைத்திருக்கும் அவனுடைய வாடிக்கையாளர் ஒருவர் கேட்டிருந்தால் தயங்காமல் டீசல் என்றிருப்பேன்.

பேச்சு முடிகிற நேரத்தில் அவன் மனைவி போனை வாங்கினார். இத்தனை நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அண்ணா, லிட்டர் கணக்கெல்லாம் நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கோங்க. ஞாயித்துக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டுப் போறப்ப என் கால்கிட்ட கேபிள் சுருள் கிடக்குமா, கிடக்காதா? அதைச் சொல்லுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் 1932 கடிதத்தையே யாரோ படிப்பது மாதிரி இருந்தது. தொட்டிக்குப் பூட்டு வைத்த மூடி போடச் சொல்லியிருக்கிறேன், டீசலானாலும் சரி ஹைப்ரிட்டானாலும் சரி.

வர்ற சனிக்கிழமை கேபிள் டிரம் ஏற்றின டிரெய்லரை மாட்டிக்கிட்டு டான்டெனாங் மலைச்சாலையில் ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பார்க்கப்போகிறான். பேட்டரி காலியான பிறகு அந்த ஒன்றரை லிட்டர் என்ஜின் ஏற்றத்தில் எப்படி மூச்சு வாங்குகிறது என்று கவனிக்கச் சொல்லியிருக்கிறேன்.